ஒருவரும் கூப்பிடாத பதினொரு பேர்

கௌசலா நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான பென்சிலால் பெயர்களை எழுதிக்கொண்டே போகிறார். வாய் சும்மா இருப்பதில்லை. "இவரை ஆர் கூப்பிடுறது? அவாவா? சரி, அப்ப அவாவை ஆர் கூப்பிடுறது?"

கிளிநொச்சியில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அவர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம். புதிதாகப் படியேறி வருபவர்கள் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய ஆட்களின் பட்டியல் தயாராகிறது என்றே நினைப்பார்கள். கௌசலா எழுதுவது நிரலுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களின் பெயர்களை. ஒரு வேலைக்கு ஒன்றென எழுதி வைத்த துண்டுகள் அவை. இன்னொன்று கூப்பிட்டால்தான் எழும்பி வேலை செய்யும். கௌசலாவிடம் எல்லாருக்கும் மரியாதை உண்டு. வேலை செய்துவிட்டுப் பேசாமல் போவது 'இவர்'. பதில் கொண்டுவந்து தருவது, பெண்ணைச் சொல்லும் மரியாதையில், 'அவா'. என்ன செய்கிறதென்றே பிடிபடாதது 'ஐயா'.

முப்பத்திரண்டு வயது. ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி மாங்குளத்தில் மாறி வருகிறார். இருக்க இடம் கிடைத்தாலும் அரைவாசி வழி நின்றுகொண்டுதான் வருவார். "இருந்தா நித்திரை வந்திடும். நிண்டா யோசினை வரும்."

அவர் எழுதிய கருவி நிரல் முழுவதையும் வாசித்து, யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு வரைபடம் போடும். அந்த வரைபடம், நிரலைத் தானே வாசித்துத் திருத்தும் ஏ.ஐ. ஏஜென்டுக்கு. நாற்பதாயிரம் வரிகளை ஒரேயடியாகத் தலைக்குள் வைத்திருக்க அதனால் முடியாது. படத்தைப் பார்த்துத்தான் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் எது விழும் என்று முடிவெடுக்கும். கௌசலாவின் விளக்கம் இன்னும் சுருக்கம்: "புதுசா வேலைக்கு வந்தவருக்கு, ஆர் ஆரோட கதைக்கிறவை எண்டு ஒருத்தர் சொல்லவேணும்தானே? இல்லாட்டி தன்ர பாட்டில எதையும் புடுங்கிப் போடுவார்."

தை மாதம் அப்படித்தான் நடக்கப் பார்த்தது. ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயிகள் சங்கமொன்றுக்கு நிறுவனம் முன்பு எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. வயலுக்குள் யானை வராமல் போட்ட மின்வேலியில் மின்சாரம் நின்றால், அக்கம்பக்கத்து வீடுகளின் போன்களுக்குச் செய்தி போகும். எழுதிய மூவரும் இப்போது கனடாவில். பழைய நிரலைத் துப்புரவாக்க ஏஜென்டை விட்டார்கள். அது படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: இந்தப் பதினொன்றையும் ஒருவரும் கூப்பிடுவதில்லை, அழித்துவிடலாமா? வயலில் நெல் முற்றி, யானை தேடி வரும் நேரம்.

பொறுப்பாளர் சுகிர்தன் சம்மதம் சொல்லி 'ஓம்' என்று அடிக்கக் கையைக் கொண்டுபோய்விட்டார்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் கௌசலா. பதினொன்றையும் எழுதியிருந்த தாளில் ஒன்பதாவது பெயரில் பென்சில் நின்றது. "இவர்தான் செய்தி அனுப்புறவர்."

"உம்மட படத்திலதானே ஒருத்தரும் கூப்பிடேல்லை எண்டு கிடக்கு?"

"கிடக்குத்தான். ஆனா வெள்ளிக்கிழமை அப்பாட போனுக்குச் செய்தி வந்தது. நான் பக்கத்தில நிண்டனான். அப்ப ஆரோ கூப்பிட்டிருக்கினம்."

"அப்ப உம்மட படம் பொய்."

"பொய்யில்லை. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்ல நான் அதைப் பழக்கேல்லை."

கூப்பிட்டவர் நிரலுக்குள் இல்லை. எந்த வேலிக்கு எந்த ஃபங்ஷன் என்று பழையவர்கள் வேறொரு பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். நிரல் ஓடும்போது அங்கே பெயரைப் பார்த்துக் கூப்பிடுகிறது. நிரலை மட்டும் வாசித்த கருவியின் கண்ணுக்கு அது படவில்லை. பிழை தன்னுடையது என்று கௌசலாவே எல்லாருக்கும் சொன்னார். இரண்டு நாளில் கருவியைத் திருத்தினார். இப்போது படத்தில் இரண்டு வகைக் கோடுகள்: நிரலில் தெரிவது நீலம், வெளியிலிருந்து யாராவது கூப்பிடக்கூடும் என்று சந்தேகம் இருந்தால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் ஏஜென்ட் கை வைக்காமல் மனிதரிடம் கேட்க வேண்டும்.

புதுப் படத்தைப் பார்த்து அது பத்தை மட்டும் அழித்தது. ஒன்பதாவதைப் பற்றிக் கேள்வி கேட்டது. கௌசலாவுக்கு அதுவும் போதவில்லை. அப்பா மாயாண்டியைப் போனில் பிடித்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். அலுவலகத்தில் வன்னித் தமிழ் பேசுபவர், அப்பாவிடம் மூச்சு விடுவதற்குள் மலையகத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"அப்பா, வேலிப்பெட்டியில கரண்ட ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க."

"ஓடுற கரண்ட எதுக்குப் புள்ள நிப்பாட்டச் சொல்ற? ஆனைக்கு நீயே வெத்தல வச்சு அழைக்கிறியா?"

"பட்டப் பகல்ல வராதுப்பா. நிப்பாட்டுங்க."

ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பெட்டிக் கதவு கிறீச்சிட்டது. சுகிர்தன் நகம் கடித்தார். அந்தப் பக்கம் போன் ஒருமுறை சிணுங்கியது.

"வந்திருச்சு புள்ள. நாலாம் வேலின்னு போட்டுருக்கு. கரண்டப் போட்டுரவா?"

"போட்டுருங்கப்பா."

கௌசலா தாளை முன்னால் இழுத்தார். அழிந்துபோன பெயர்களை நீல முனையால் ஒவ்வொன்றாக வெட்டினார்; ஒவ்வொன்றுக்கும், வாசல்வரை வந்து வழியனுப்புகிற குரலில், "போட்டு வாங்கோ" என்றார். பத்து முறை. சுகிர்தன் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது பெயரில் பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். அங்கிருந்து, கூப்பிடுபவர் இருக்கும் வெளிப்பக்கமாகச் சிவப்புக் கோடொன்றை இழுத்துக்கொண்டு போனார். தாள் முடிந்தது. கை நிற்கவில்லை, மேசைப் பலகையிலும் ஒரு சாண் இழுத்துவிட்டுத்தான் பென்சிலை வைத்தார்.