தேவகி பிடித்த தூசு

ஆய்வுகூட உதவியாள் வேலையில் முக்கால்வாசி, ஆரோ செய்த பிழைக்கு நாங்கள் பல்லைக் கடிப்பதுதான். அந்த வேலை பார்த்தவர்களுக்கு என்ரை கொதி விளங்கும். வெளிநாட்டில் லேசரால் அணுவிலிருந்து ஒரு எலெக்ரோனைக் கழற்றி, மிச்சத்தை மின்சாரக் கூட்டுக்குள் அந்தரத்தில் பிடித்து வைப்பார்களாம். போரும் பொருளாதாரத் தடையுமாய்க் கறன்ரே இல்லாத யாழ்ப்பாணத்தில், தேவகி என்ற மாணவி தண்ணி இறைக்கிற எஞ்சினில் ஜெனரேற்றர் பூட்டி, அதே மாதிரிக் கூட்டில் ஒரு தூசையாவது பத்து நிமிசம் நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் இல்லை.

கண்ணாடியில் சந்தனம்

சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள், தூசுக்கு வெளிச்சம் அடிக்கிற லேசரைப் போட்டால் வெளிச்சத்தைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். வெளிச்சம் வருகிற கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்! துணியால் துடைத்தால் கீறும். அதைக் கழுவுகிற ஸ்பிரிட்டுக்காக இரண்டு நாள் ஆசுபத்திரி வாசலில் காய்ந்தேன். ஸ்டோர் முருகேசரைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தேன். மனுசன் அசையவில்லை.

"எல்லாச் சாமானுக்கும் வைச்சனான். உதுக்கு மட்டும் வையாமல் விட்டு, பிறகு அது வேலை செய்யாட்டில் நீர் என்னைத்தானே ஏசுவீர்?"

எண்ணெய்த் தலை

தூசுக்கு மின்னேற்ற எங்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் சீப்பு. தலையில் உரஞ்ச வேண்டும். ஆர் தலையில் உரஞ்சியும் ஏறவில்லை. எல்லாத் தலையிலும் எண்ணெய். கழுவச் சவர்க்காரம் எங்கே? அதற்கும் தடை. சவர்க்காரத்தைத் தடுத்தவன் தலையில் இடி விழ! தேவகி சீயாக்காய் போட்டு முழுகி, ஒரு கிழமை எண்ணெய் வைக்காமல் பறட்டைத் தலையோடு திரிந்தாள். அவளின் தாய் நேரே என்னிடம் வந்துவிட்டா.

"பட்டம் எடுக்க முதல் இவளுக்குத் தலைமயிர் கொட்டுண்டு போடும். அதை ஆர் தம்பி தருவியள்?"

பத்து நிமிசம்

பரீட்சகர் வந்த அன்று, அவளின் பறட்டைத் தலையில் உரஞ்சிய சீப்பால் மின்னேறித் தூசு நின்றது. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு சின்னப் புள்ளி, ஆடாமல். ஆறாம் நிமிசம் குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் இரைச்சல். பரீட்சகர் இருந்த கதிரையைத் தட்டி விழுத்திவிட்டுப் பங்கர் குழிக்குள் பாய்ந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே எஞ்சினடியில். "ஓடு பிள்ளை!" என்று கத்தினேன்.

"எழும்பினால் காத்துப்பட்டு விழுந்திடும் அண்ணை. நீங்கள் எஞ்சினை நிப்பாட்டாதையுங்கோ!"

நிப்பாட்டவில்லை. தூரத்தில் எங்கோ குண்டு விழுந்தது. கால் மணித்தியாலம் கழித்துப் பரீட்சகர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். தூசு அப்படியே நின்றது. அவரோ கொப்பியைப் பார்த்து, "நான் கண்டது ஆறு நிமிசந்தான். மிச்சத்துக்கு நான் சாட்சியில்லை" என்றார். தேவகி கூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இன்னும் பத்து நிமிசம் இருந்து பாருங்கோ சேர். அது ஓடாது."

இருந்தார், கையெழுத்தும் வைத்தார். தூசைப் பிடித்ததை விட அவரைக் கதிரையில் பிடித்து வைத்ததுதான் பெரிய விஞ்ஞானம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.