சுடாத கல்

சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரமான காலடித் தடங்கள். வாசலில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அடுக்களை வரைக்கும். ஆடி மாதத்து மதியம். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினாலும் கண்முன்னே காற்று குடித்துவிட்டுப் போகும். அந்தத் தடங்கள் மட்டும் காயவில்லை. மதினி கால் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் அண்ணனும் நானும் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மதினிக்குச் சீனி வியாதி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் சில வருடங்கள் அதை வீட்டுக்கு வந்த தூரத்து உறவு போலத்தான் நடத்தினாள். வந்தால் வரட்டும், இருந்தால் இருக்கட்டும். சீனிக் காப்பியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறினாள். “கருப்பட்டி பனையில இருந்துல்லா வருது, அது என்ன செய்யும்?” என்பாள். பிறகு ஒரு நாள் கண் மங்கியதும் பயந்துவிட்டாள். மாத்திரை, கேப்பைக் களி, விடியலில் நடை. சீனி இறங்கினால் ஆடிச்சுற்று சுற்றுகிறேன் என்று கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சீனியும் இறங்கியது. சோதனைச் சீட்டை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, “பாத்தீரா கொழுந்தனாரே, இனி நான் உம்ம கல்யாண நாளுக்கு ஒரு அல்வாத் துண்டு தின்னுக்கிடலாம்” என்று சிரித்தது நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டால் ஜனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்குவார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்மன் தன் காலில் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. காலையும் மாலையும் நெரிசல் என்று மதினி உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்தாள். துணைக்கு நான் போயிருந்தேன். கல்தரை கொதித்தது. சுற்ற வந்தவர்கள் நிழல் விழுந்த ஓரங்களில் தத்தித் தத்தி ஓடினார்கள். மதினி வெயிலின் நடுவே, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி, நிதானமாக நடந்தாள்.

“மதினி, சுடலையா?”

“சுடவா? பஞ்சு மெத்தையில நடக்க மாதிரில்லா இருக்கு. அம்மா வலிய வாங்கிட்டா, தம்பி.”

பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் உடல் சிலிர்த்தது. அருள் என்பதை அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் குனிந்து தரையைத் தொட்டான். விரலில் பிசுபிசுத்தது. “ஏட்டி, காலத் தூக்கு பாப்போம்” என்றான். உள்ளங்கால் தோல் கொப்புளித்து உடைந்து தொங்கியது. தன் காலை யாருடையதோ போல அவள் பார்த்தாள். “இது எப்பம் ஆச்சு?” என்று எங்களிடம் கேட்டாள். அம்மன் வாங்கிய வலிக்கு அம்மன் மண்தான் மருந்து என்று புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். மண்ணுக்கு அடியில் கால் கறுத்துக்கொண்டே போனது வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

திருநெல்வேலியில் பார்த்த டாக்டரம்மா வயதில் சின்னவள். பொறுமையாகச் சொன்னாள். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் படுத்திருக்கின்றன. சீனி பெருகினால் உடம்பின் மற்ற அணுக்கள் பலவும் கதவை ஓரளவு சாத்திக்கொள்ளும். இவற்றுக்குச் சாத்தத் தெரியாது. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் உள்ளே வரும். வந்ததை எரித்துத்தானே ஆக வேண்டும்? அளவு மீறி எரிக்கையில் ஆக்சிஜன் உடைந்து பொறியாகத் தெறிக்கிறது. அந்தப் பொறிகள் தொட்டதையெல்லாம் அரிக்கின்றன. குழாயை இளக்கி விரியச் செய்கிற ஒரு வாயு உண்டாம். அது பிறந்த உடனேயே அதையும் தின்றுவிடுகின்றன. குழாய் இறுகுகிறது. காலின் நரம்புக்குச் சோறு சுமக்கும் மயிரிழைக் குழாய்கள் பழுதாகின்றன. பட்டினி கிடந்த நரம்பு ஒரு நாள் பேச்சை நிறுத்துகிறது. சுடுகிறது என்று சொல்ல ஆளில்லை.

“அதான் சீனி இறங்கிட்டே டாக்டர்” என்றான் அண்ணன், வழக்கில் கடைசிச் சாட்சியைக் கூப்பிடுகிறவன் போல.

“இப்பம் நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. ஆனா பழைய சீனி மூட்டின நெருப்பு உள்ள கனிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். நம்ம மறந்திருவோம். குழாய் மறக்காது.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மதினி அழவில்லை. வீட்டுக்கு வந்த அன்று, சேலைக்கடியில் இல்லாத காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வலியத்தான வாங்கிக்கிடச் சொன்னேன். காலையுமா கேட்டா?” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அதற்குப் பின் அவள் உயிரோடு இருந்த கொஞ்ச காலத்தில், எடுத்துவிட்ட அந்தக் கால் இரவெல்லாம் சுடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தபோது சொல்லாத நெருப்பை இல்லாத கால் சொன்னது. விசிறிவிடச் சொல்வாள். வெறும் படுக்கை விரிப்புக்கு அண்ணன் விசிறிக்கொண்டிருப்பான்.

இப்போது எனக்கும் சீனி. மாத்திரையால் அடங்கியிருக்கிறது. ஆனால் பெயர் தெரியாமல் அது என்னுள் குடியிருந்த வருடங்கள் உண்டல்லவா, அவற்றை என் குழாய்கள் எப்படி வைத்திருக்கின்றனவோ? கண்ணை மூடினால், எனக்குள் எங்கோ கதவு சாத்தத் தெரியாதவர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

இந்த ஆடியில் உச்சிவெயிலில் போய்ச் செருப்பைக் கழற்றினேன். வலது காலைக் கல்லில் வைத்தேன். சுட்டது. அந்தச் சூட்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இடது காலை வைத்தேன். சுட்டது, ஆனால் சற்றுப் பிந்தி, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிடுவது போல.

உடனே நிழலுக்கு வந்துவிட்டேன். வீட்டில் குழாயடியில் கால் கழுவி, துடைக்காமல் உள்ளே நடந்தேன். சிவப்புச் சிமெண்டின் மேல் இப்போது வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தரையெல்லாம் ஈரம். என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?”

“காயட்டும்” என்றேன்.

வாசலருகே இருந்த தடம் முதலில் போனது. பிறகு அடுத்தது. நான் அசையாமல் நின்றேன். கடைசியாக இடது காலின் ஒரு தடம், குதிகால் மட்டும், போகாமல் கிடந்தது. குனிந்து விரலால் தொட்டேன்.

தண்ணீர்தான். இந்த வருடம் தண்ணீர்தான்.