பாம்பன் கோயிலுக்குச் சுண்ணாம்பு

தொண்டியிலிருந்து சுண்ணாம்பு மூட்டையோடு வெள்ளையடிக்க வந்திருக்கிறேன். மேஸ்திரி சொல்லிவிட்டது பாம்பன் கோயில் என்று மட்டும்தான். ஸ்டேஷனில் கேட்டால் மீன்காரம்மா மாதா கோயிலைக் காட்டுகிறாள். அங்கே உபதேசியார் சந்தோஷமாக ஏணியைத் தூக்கிவந்து சாத்துகிறார். முன்சுவரில் பாதி அடித்தாயிற்று.

அந்நேரம் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா மூச்சிரைக்க வருகிறார்.

"ஏலே, இறங்கு! நாளைக்குக் கும்பாபிஷேகம். எங்க காசுல வாங்குன சுண்ணாம்பை இங்கன அடிக்கச் சொன்னது யாரு?"

உபதேசியார் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். "பாலம் கட்டுன வெள்ளக்காரன் கட்டுன கோயில் இது. அவன் போனதுலேர்ந்து சுண்ணாம்பே பாக்கல. பாலத்துல மிஞ்சுன கல்லுலதான இதையும் கட்டுனாக, உங்க பிள்ளையாருக்கும் கட்டுனாக. எல்லாம் ஒரே கல்லுதானய்யா."

"கல்லு ஒண்ணுதான். சுண்ணாம்பு எங்களதுல்ல?"

"சரி, கொண்டு போங்க. ஏணி மாதாவோடது. அது வராது."

தர்மகர்த்தா தன் கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது. அந்த உயரத்துக்கு ஊரில் வேறு ஏணி கிடையாதாம். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"என்னலே வாய் பாத்துக்கிட்டு நிக்கிற? மிச்சத்தையும் வெரசா அடி."