நாய்க்குப் பத்தியம்

முனிசிபாலிட்டியை நான் என்றைக்குமே நம்பியதில்லை. யுத்த காலத்தில் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முன்பக்கம் கடை, தோணிகளுக்கு வேண்டிய கயிறும் பாய்த்துணியும் தாரும் என் கணவர் விற்றுவந்தார். தெருவில் திரிகிற நாய்களுக்கு முனிசிபாலிட்டி ஆட்கள் கறித்துண்டில் விஷம் வைத்து எறிந்துவிட்டுப் போவார்கள். பிறகு கைவண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதே முனிசிபாலிட்டி ஒருநாள் தமுக்கு அடித்துச் சொன்னது: வீட்டு நாய்களை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் வெறிநோய் வராமலிருக்க ஊசி போடுவார்களாம், கழுத்தில் கட்டப் பித்தளை வில்லை தருவார்களாம், வில்லை இல்லாத நாயைச் சுட்டுவிடுவார்களாம். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

“விசம் வச்சவன் கையிலயே ஊசியையும் குடுத்திருக்கானுவ. கொண்டுபோகாதிய” என்றேன்.

“சங்கு குடோன் பக்கம் வெறிநாய் ஒண்ணு கண்ட நாயையெல்லாம் கடிச்சிட்டுத் திரியுது. இங்கன வாரதுக்கு முன்னாலயே போட்டாத்தானளா பிரயோசனம்?” என்றார் அவர்.

எங்கள் நாய் கறுப்பு. ஒரு காது கிழிந்திருக்கும். கொழும்புத் தோணி ஒன்றில் வந்து, தோணிக்காரர்கள் விட்டுவிட்டுப் போக, கடையில் ஒட்டிக்கொண்டது. நான் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தூத்துக்குடியில் எனக்கு மனுஷர் யாரையும் தெரியாது, பிள்ளையும் அப்போது பிறக்கவில்லை. பகல் முழுவதும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அது ஒன்றுதான். அதன்மேல் எனக்கு உயிர்.

ஆகவே நானும் கூடவே போனேன், கண்காணிக்க. மாட்டாஸ்பத்திரியில் வண்டி மாடுகளுக்கு நடுவே நாய்களைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். ஒரு டீச்சரம்மா தன் பூனையை மீன்கூடையில் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். கம்பவுண்டர், “பூனைக்கு உத்தரவு இல்ல” என்று திருப்பி அனுப்பினார். பூனைக்கும் வெறி பிடிக்கும், கடிக்கும் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உத்தரவில் பூனை இல்லை, அவ்வளவுதான். இவர்கள் நோயைப் பார்க்கிறார்களா உத்தரவைப் பார்க்கிறார்களா என்று எனக்கு அப்போதே சுருக்கென்றது.

டாக்டர் ஊசியைப் போட்டார். ஒரே நொடியில் முடிந்தது. “பத்தியம் என்னங்க ஐயா?” என்று என் கணவர் கேட்பதற்குள் அடுத்த நாயை இழுத்துவந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. பத்தியம் சொல்லாத வைத்தியரை வைத்தியர் என்றே மதிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு இதே யோசனை. “பத்தியமில்லாத மருந்து எங்க இருக்கு? கூட்டத்துல மறந்துட்டாரு மனுசன். நாம பாத்து இருந்துக்கிடுவோம்” என்றார். எனக்கு வேறு சந்தேகம். பத்தியமே சொல்லவில்லை என்றால் போட்டது மருந்துதானா? எப்படியோ, இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம். மீன் கிடையாது. கருவாடு கிடையாது. புளி கூடாது. குழையக் காய்ச்சிய கஞ்சி, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர்.

சாளை மீன் தலையைத் தின்று வளர்ந்த நாய் அது. கஞ்சியை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. வெந்நீரில் மூக்கை வைத்து, சுட்டதும் பின்வாங்கியது. இரண்டொரு நாளில், சட்டியை எடுத்துக்கொண்டு போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு கடைக்குள் தார்க் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்துவிட்டது. அவர் குனிந்து கூப்பிட்டபோது உறுமியது.

பக்கத்து வீட்டுக்காரர் தோணித் தண்டல், தோணியை ஓட்டிப்போகிறவர். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். “சேசுவே! அண்ணாச்சி, இருட்டுல பதுங்குது. சோறு எடுக்கல. தண்ணியக் கண்டா முகத்தத் திருப்புது. இன்னும் என்ன அடையாளம் வேணும் ஒமக்கு? வெறிதான்.”

என் கணவர் கடைப் பலகையை எடுத்துக் குறுக்கே அடைத்தார். நாயை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும்படி தண்டலிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கிக்காரரை அழைத்துவர முனிசிபாலிட்டிக்குப் போனார். நான் நின்று அழவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேரே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“நல்லா இருந்த நாய்க்கு வெறியக் குத்திவிட்டுட்டியளே!” என்று ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் முன்னால் போய்க் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. “எச்சில் வழியுதாம்மா? தாடை தொங்குதா? குரல் மாறியிருக்கா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்ல.”

“என்ன சாப்பாடு போடுறீங்க?”

பத்தியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“நாய்க்குப் பத்தியம் யாரும்மா சொன்னது?”

“நீங்க சொல்ல மறந்துட்டிய. அதனால நாங்களே வச்சோம்.”

“பச்சைத் தண்ணி வைங்க. மீன் போடுங்க. தூரத்துலேர்ந்து தள்ளி வைங்க, கிட்டப் போகாதீங்க. இந்த மாட்டை விட்டுட்டு இப்ப என்னால வர முடியாது. பார்க்காம நான் உறுதி சொல்லவும் மாட்டேன்.”

உறுதி சொல்ல மாட்டேன் என்கிற ஆளை எப்படி நம்புவது? நம்பாமல் வேறு எங்கே போவது? வழியில் சாளைத் தலையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. துப்பாக்கிக்காரர் பலகையை நகர்த்திக்கொண்டிருந்தார், பக்கத்தில் என் கணவர். “ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்” என்று நடுவில் விழுந்தேன். சட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கடையில் கிடந்த துடுப்பால் உள்ளே தள்ளினேன்.

நாய் தலையைத் தூக்கியது. ஓரடி வந்தது. சட்டியை முகர்ந்தது. அப்படியே பின்வாங்கிப் படுத்துவிட்டது.

“பாத்தியளா?” என்றார் தண்டல்.

துப்பாக்கி உயர்ந்தது. எனக்கோ அந்த நொடியில்தான் விஷயம் விளங்கியது. அது தண்ணீருக்குப் பயப்படவில்லை, அந்தச் சட்டிக்குப் பயப்படுகிறது. எத்தனை வேளை அதில் வாயைச் சுட்டுக்கொண்டிருக்கும்! டாக்டர் கிட்டப் போகாதே என்றது நினைவிருந்தது. போனேன். கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது பார்க்கப் பார்க்க, சட்டியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தேன். வாசலில் யாரோ “ஐயையோ” என்றார்கள்.

நாய் எழுந்து வந்தது. என் விரலை முகர்ந்தது. பிறகு சட்டிக்குள் தலையை விட்டு, சளப் சளப்பென்று அடிவரை குடித்துத் தீர்த்தது. சாளைத் தலைகளைக் கொட்டினேன். முள்கூட மிச்சமில்லை. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

துப்பாக்கிக்காரர் வெயிலில் வீணாக அலையவைத்ததற்கு முணுமுணுத்துக்கொண்டே போனார். கூட்டமும் கலைந்தது. கறுப்பு நாய் கடைவாசலில் வெயிலில் நீட்டிப் படுத்துக்கொண்டது. தண்டல்கூட அதைத் தாண்டிக்கொண்டு போனார்.

என் கணவர் மட்டும் உள்ளே வரவில்லை. கதவுநிலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றை எடுத்து வைத்தால் நான் முதலில் தின்னட்டும் என்று காத்திருந்தார். அடுப்படியில் சற்று நிழலில் உட்கார்ந்தால், “ஏன் இருட்டுல போயி இருக்க?” என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். நாய் வாய்வைத்த சட்டியில் கைவிட்டு நான் தண்ணீர் குடித்துவிட்டேனாம்.

பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு, அவர் கண்ணெதிரே நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். செம்பைக் கவிழ்த்தும் காட்டினேன்.

அவர் கதவுநிலையை விட்டு நகரவில்லை. “இன்னொரு செம்பு குடி, பாப்போம்” என்றார்.