ஒற்றைக் கைக்கு ஒரு திரை

அந்த வீட்டில் துணி மடிப்பது மாமனார். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். மடித்த துணிகள் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, டிப்போவில் வண்டி நிற்பதுபோல வரிசையாக நிற்கும். ஒரு சட்டையை மட்டும் மடிக்கமாட்டார். ஊசி குத்த வசதியாக, சட்டையின் இடது கைப்பகுதியை முழுக்கத் திறந்து மூடும்படி மருமகள் பட்டன் வைத்துத் தைத்தது. டயாலிசிஸுக்குப் போகும்போது போட்டுக்கொள்வது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிடுவார். குனிந்து எடுத்து மடிப்பது மருமகள்.

கடைத்தெருவில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். கேம் கண்ட்ரோலர்கள் பழுது பார்க்கும் கடையில் பதினொரு வருஷமாக இருக்கிறாள். கண்ட்ரோலரை வாங்கிக் கட்டைவிரலால் இரண்டு சுழற்று சுழற்றிவிட்டு, "பையன் விளையாடுறான்னு சொல்றீங்க, இது அவங்கப்பா தேச்ச தேய்ப்பு" என்பாள். வந்தவர் அசடு வழிவார்.

அந்த மாதம் கடையில் ஒரே பேச்சு. புதிய கேம் கன்சோல் ஒன்று வரப்போகிறதாம், கண்ட்ரோலரின் நடுவிலேயே திரையாம், டிவியை விட்டு எழுந்து கையோடு கொண்டுபோய் விளையாடலாமாம். திரை எத்தனை அங்குலம், சார்ஜ் எத்தனை மணிநேரம் நிற்கும் என்று ஆளாளுக்கு அடித்துவிட்டார்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது திரைதான், அதனால் நமக்கு நல்ல காலம் என்றார் முதலாளி. திருப்புளி ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஒரு கையால விளையாட முடியுமா?" யாருக்கும் தெரியவில்லை.

மாமனார் இனிமேல் டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு முறை போகாமலே இருந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, மருத்துவர் கடுமையாக எச்சரித்து அனுப்பினார். ஊசிக்குப் பயந்தவரல்ல. நாலு மணிநேரம் இடது கையை அசைக்காமல் கூரையைப் பார்த்துக் கிடப்பதுதான் அவருக்கு ஆகவில்லை.

"ஓட்டின காலத்துல மத்தவங்க தூங்குவாங்க, நான் முழிச்சிருப்பேன். இப்ப என்னையே ஏத்தி உக்கார வெச்சுட்டாங்க" என்றார்.

வீட்டில் அவருக்கு ஒரே சந்தோஷம், மருமகள் சரிசெய்து கொடுத்த பழைய கன்சோலில் கார் ஓட்டுவது. பந்தயத்திலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். எப்போதும் கடைசியாகத்தான் வருவார். போனில் ஓட்டச் சொன்னதற்கு, கண்ணாடியைத் தடவி வண்டி ஓட்டுவதா என்று தள்ளிவிட்டார்.

ஆகவே வராத பொருளை அவளே செய்துபார்த்தாள். உடைந்த கண்ட்ரோலரை இரண்டாக அறுத்து, நடுவில் அட்டை வைத்து ஒட்டினாள். திரைக்கு ஒரு போன் கனம், பேட்டரிக்குக் கொஞ்சம் என்று ஊகித்து, அந்த அளவுக்குப் பின்னால் இரும்பு வளையங்களை, வாஷர்களை, ஒட்டினாள். வலது கை மட்டும் போதும்படி, மடியில் நிற்க அடியில் பாதி ரப்பர் பந்து. சாய்த்தால் சாயும், அதுவே ஸ்டியரிங். அட்டையில் பேனாவால் ஒரு சாலை வரைந்தாள். மாமனாரின் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தாள். ஒரு மணிநேரம் ஓட்டினார். கை வலிக்கவில்லை என்றார். நெற்றியைப் பார்த்தாள், வியர்வை இல்லை. நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை அதை டயாலிசிஸ் மையத்துக்கே கொண்டுபோனார்கள். மாமனார் அட்டைச் சாலையில் வண்டியை எடுத்தார். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். அரை மணிநேரம் ஆனதும் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்க்க வலது கையில் பட்டையைச் சுற்றினாள். பட்டை உப்பியதும் விரல்கள் தளர்ந்தன. வண்டி சரிந்து தரையில் விழுந்தது. வாஷர்கள் நாற்காலிகளுக்கடியில் உருண்டு ஓடின. இடது கையில் ஊசி இருப்பதால் எப்போதும் வலது கையில்தான் பார்ப்பது, அரை மணிக்கு ஒரு தடவை என்றாள் நர்ஸ். ஒரு வருஷமாகக் கூட வருகிறவள் திருப்புளி. எல்லாவற்றையும் அளந்தவள் இதை மட்டும் விட்டிருந்தாள். முகம் சிவக்க, தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினாள்.

மேலேயிருந்து மாமனார் குரல் வந்தது. "இதுக்கு ஏம்மா முகத்தைத் தூக்கி வெச்சுக்கற? அரை மணிக்கு ஒரு சிக்னல். நின்னு போக வேண்டியதுதான்."

அந்த அறையில் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் மாலை மடிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் புதிய கன்சோல் எப்போது கடைக்கு வரும் என்று மாமனார் கேட்டார். ஒரு தேதியைச் சொல்லியிருக்கலாம். பொய்த் தேதி சொல்லி யாருடைய கண்ட்ரோலரையும் அவள் வாங்கி வைத்ததில்லை.

"தெரியல மாமா. இப்போதைக்கு வெறும் பேச்சுதான். வராமலே போனாலும் போகும்."

கையில் கடைசியாக மிஞ்சியது அந்தச் சட்டை. அவர் அதை எறியவில்லை, மடிக்கவும் இல்லை. மடியில் போட்டுக்கொண்டு பட்டன்களை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு டயாலிசிஸுக்கு வருவீங்கல்ல மாமா?"

அவர் அடுத்த பட்டனைப் பூட்டினார். சட்டையைக் கேட்காமல் அவர் மடியிலேயே விட்டாள். பிறகு, மடித்துவைத்த துணிகளை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.