கதவுக்கு முட்டுக் கொடுத்த பிஸ்கட்

எதிர்வீட்டு எஸ்தர் போய்விட்டாள் என்று அவள் மகன் போனில் சொன்னபோது என் கை மாவில் இருந்தது. "பெரிம்மா, அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றான். நான் கையைக் கழுவவில்லை. மாவைப் பாதியில் விட்டு வந்தேன் என்று தெரிந்தால் அவள் சவப்பெட்டியிலிருந்து எழுந்து திட்டுவாள். சுட்டு, எடுத்து, ஆற வைத்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.

சாந்தோமில் எங்கள் சந்தில் அவள் சுக்கு பிஸ்கட்டைத் தின்னாதவர்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சுக்கு, மிளகு, கிராம்பு இடிக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் தட்டு வரும், அவள் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. அதைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று நானும் சுட நினைத்தேன். கேட்டதும் அளவெல்லாம் சொன்னாள். "வாசம் வாசப்படி தாண்டிச்சின்னா சுவிட்ச அணைச்சிடு" என்பதையும் சொன்னாள். மூடியில் கண்ணாடி வைத்த வட்ட ஓவன் ஒன்று வாங்கினேன்.

தி. நகர் மெஸ் ஒன்றில் இருபது வருஷம் சப்பாத்தி மாவு பிசைந்த கை இது. அதே பலத்தோடு பிசைந்து, சுட்டு, அவள் தட்டிலேயே அனுப்பினேன். மறுநாள் தண்ணி லாரி முன்னால் சொன்னாள்: "கஸ்தூரி குட்த்த பிஸ்கட்ட கதவுக்கு முட்டா வச்சிக்கீறேன். கடல் காத்துக்குக்கூட அசையல." எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்த தட்டை நான் திருப்பவில்லை. அவளுடையது போல வந்தால்தான் தட்டு திரும்பும் என்று வைராக்கியம். ஒன்பது வருஷம் சுட்டேன், ஒன்பது வருஷமும் கல். அவளும் தட்டைக் கேட்கவில்லை. வருஷா வருஷம் எனக்கு மட்டும் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

போன வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஒன்றரை மாதம் தினமும் காலையில் எஸ்தர்தான் வந்து தலை வாரிக் கொண்டை போட்டாள். "தலைய ஆட்டாதடி. ஒத்தக் கையில இன்னா வீறாப்பு" என்பாள். பிஸ்கட் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் அந்தக் கட்டோடு, இடது கையால் மாவைக் கலந்தேன். பிசைய முடியவில்லை. விரல் நுனியால் ஒன்றுசேர்த்ததோடு சரி. சுட்டுக் கடித்தால் பொலபொலவென்று வாயில் உதிர்ந்தது. இத்தனை வருஷமும் பிசைந்ததுதான் தப்பு.

அவள் தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுபோனேன். ஒன்றைத் தின்றாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

"இன்னா, கதவு ஆடுதா?" என்றேன்.

"உட்ருடி. நீ அட்ச்சிப் பிசையறத ஜன்னல்லருந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நீயே சுட்டுக்குவ. அப்பால என் பொட்டலத்துக்கு எவ காத்துக்கினு இருப்பா?"

லாரி முன்னால் சொன்னதை லாரி முன்னாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன். மறுநாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. கஸ்தூரி என்னிய முந்திட்டா." அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தட்டை மறுபடி என்னிடமே கொடுத்தாள், ஒரு பிடி மிளகு வைத்து.

கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்கு போன் வந்த அன்று நான் சுட்டதைத்தான் டீயோடு வைத்தேன். அவள் மகன் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைத் திருப்பிப் பார்த்தான். "அம்மா டப்பால வச்சிட்டுப் போனதா பெரிம்மா?" என்றான்.

"நான் சுட்டதுடா" என்றேன்.

ஒன்பது வருஷம் சொல்லாமல் விட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்தக் கோபமும், கொண்டை போட்ட கையின் நினைவும், அவள் பெயர் வெட்டிய தட்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தட்டு என் வீட்டிலிருந்து புறப்படும். அன்று சிரித்தவர்களில் இதைப் படிக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு முதலில் வரும். காலியாகத் திருப்பாதீர்கள்.