இரண்டாம் ஜன்னலில் ஒரு கட்டம்

பதிவு அலுவலகத்தின் இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்து பதினோரு வருடமாக அவள் மனிதர்களை இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்து வயதானால் எல்லோருக்கும் அட்டை. அட்டையில் ஒரு கட்டம்: முதல் இனமா, இரண்டாம் இனமா? முதல் இனத்துக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு, பள்ளிக்கூடம், எல்லாம். இரண்டாம் இனம் அந்தப் பக்கம். இங்கே வேலைக்கு மட்டும் வந்து போகலாம், அவளைப் போல.

ரத்தத்தைச் சோதிக்கிறார்கள், எலும்பை அளக்கிறார்கள் என்றெல்லாம் வெளியில் பேச்சு. மண்ணாங்கட்டி! ஜன்னலில் இருப்பது ஒரு பேனாவும் இரண்டு கண்களும்தான். குழந்தை முகத்தில் ஒன்றும் பிடிபடாது. அதனால் பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் இருக்கும், அதை யார் படித்தார்கள்? அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரி கூட்டி வந்து, அதனாலேயே இனம் மாறிப்போன பிள்ளைகள் உண்டு.

அந்த ஓட்டையை நம்பித்தான், பத்து வயதான தன் மகளுக்காக அவள் துணிந்தாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். செத்துப்போன கணவன் முதல் இனம். அவனுடைய தங்கை இவள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவாக வந்து நின்றால் போதும், பிள்ளை அத்தை வீட்டிலேயே இருந்து படிக்கும். மாட்டினாலோ வேலை போகும், மகளைக் காப்பகத்தில் அடைப்பார்கள்.

"அத்தைய அம்மான்னு கூப்பிடணும். என்னைப் பாத்து சிரிக்கக் கூடாது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் பிள்ளை அழுதது.

நாத்தனாரும் மகளும் முதல் ஜன்னலில் நின்றார்கள். அங்கிருந்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினான். "எனக்கு சந்தேகமா இருக்கு. ரெண்டாம் ஜன்னலுக்கு வாங்க, மேடம் பாத்த உடனே சொல்லிடுவாங்க."

அவனும் வேடிக்கை பார்க்க அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

"மூக்கப் பாருங்க மேடம், அப்படியே உங்க மூக்கு!" என்று சிரித்தான்.

அவள் பேனாவை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஏதாவது கேட்டாக வேண்டும்.

"உங்கம்மா யாரு பாப்பா?"

மகள் அவளை நேராகப் பார்த்தாள். அழவில்லை, தடுமாறவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதான்" என்றாள்.

"அட, ஆமா!" என்றான் குமாஸ்தா. "அம்மா ஜாடை அப்படியே இருக்கே. எனக்குத்தான் கண்ணு தெரியல."

முதல் இனம் என்று எழுதி, முத்திரை குத்தி, அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினாள். தப்பித்தாயிற்று.

மகள் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் மேடம்."